உள்ளூர்க்காரிக்கு ரூம் கிடையாது

தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க ஆதார் கார்டுல எந்த ஊர் போட்டிருக்கு?

தர்மபுரியா. கொடுத்து வச்சவங்க நீங்க. கொஞ்சம் நகர்ந்துக்கிட்டீங்கன்னா நானும் இந்த சோபாவுல உட்கார்ந்துக்குவேன். காலையிலேர்ந்து அந்தக் கண்ணாடிக் கதவு பக்கத்துலயே நின்னு முட்டி விட்டுப் போச்சு. எங்க குடும்பத்துக்கே முட்டிவலிதான் சொத்து. என் பேரு கோமதி. பொறந்தது சங்கரன்கோவில், வாக்கப்பட்டது இங்க திருவல்லிக்கேணியில. உங்க பேரு? தவமணியா. நல்ல பேரு.

ஆதாரை ஏன் கேட்டேன்னா, என் கார்டுல மெட்ராஸ் அட்ரஸ் இருக்கு. அதனால இந்த ஓட்டல்ல எனக்கு ரூம் கிடையாதாம். அதோ கவுன்ட்டர்ல சந்தனப்பொட்டு வச்சுக்கிட்டு நிக்கறாரே, அவர்தான் சொன்னார். கார்டை இப்படித் திருப்பிப் பார்க்கறார், அப்படித் திருப்பிப் பார்க்கறார். 'லோக்கல் அட்ரஸுக்கு ரூம் தர்றதில்லம்மா, ரூல்'ங்கறார். ஏங்க, கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்த ஊர் லாரித் தண்ணியைக் குடிச்சுக்கிட்டிருக்கேன், எனக்கு இந்த ஊர்ல ஒரு ராத்திரி படுக்க இடம் இல்லையான்னு கேட்டேன். 'உங்களுக்குத்தான் வீடு இருக்கேம்மா'ங்கறார். வீடு இருக்கறது தெரியாமயா ரூம் கேட்கறேன்.

அதோட விட்டாரா. 'பேஷன்ட் யாரும்மா? ஃபைல் இருந்தா லோக்கலுக்கும் பார்த்துத் தருவோம்'னு ஒரு கேள்வி. எனக்கு வந்ததே ஆத்திரம். என்னைப் பார்த்தா சீக்காளி மாதிரியா இருக்கு, சொல்லுங்க. சக்கரை கூட கிடையாது எனக்கு.

விஷயம் என்னன்னா, மூணாவது மாடியில என் தங்கச்சி இருக்கா. செண்பகம். கூடப் பொறந்தவ, ஒரே தங்கச்சி. நாளைக்கு ரூமைக் காலி பண்றாங்களாம், வாட்ச்மேன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த ஊருக்கு வந்திருக்கா, அக்கா வீடு கூப்பிடு தூரத்துல இருக்கு, ஒரு போன் கிடையாது. ஓட்டல்ல ரூம் போட்டுக்கிட்டு, புருஷனோட ஜாலியா ஊர் சுத்திப் பார்த்துக்கிட்டிருக்கா. அவ போறதுக்குள்ள ஒரே ஒரு ராத்திரி நானும் இங்க தங்கணும். காலையில டிபன் சாப்பிடக் கீழ வருவா இல்ல? அப்ப நானும் தற்செயலா வந்த மாதிரி வந்து, 'அட, நீயும் இங்கதான் இருக்கியா'ன்னு கேட்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

நேரா மேல போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானேங்கறீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். நான் மூத்தவங்க. சின்னவ கோவிச்சுக்கிட்டுப் போவா, பெரியவ படியேறிப் போய்க் கெஞ்சணுமா? அது என்ன நியாயம்?

நீங்க ஊர் சுத்திப் பார்க்கவா வந்தீங்க? வீட்டுக்காரர் எங்க? ரூம்ல படுத்திருக்காரா. நல்லாயிருக்கு, வந்த இடத்துல என்ன தூக்கம். நாளைக்குக் காலையிலேயே எழுப்பிக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க. வெயிலுக்கு முன்னாடி எழும்பூர் மியூசியம். அப்புறம் கிண்டி பாம்புப் பண்ணை. மத்தியானம் மயிலாப்பூர் பக்கம் சாப்பிட்டுட்டு, கோயில் திறந்ததும் கபாலியைக் கும்பிட்டுட்டு, சாந்தோம் மாதா கோயில், அப்படியே கலங்கரை விளக்கம், கடைசியா பீச். பீச்சுல கால் நனைச்சோமா, சுண்டல் வாங்கினோமா, வந்துக்கிட்டே இருக்கணும். இல்லைன்னா பஸ்ல கூட்டம் நெரிக்கும். இதான் கோமதி ரவுண்டு. எங்க சொந்தக்காரங்க வச்ச பேரு. பாசத்துல வச்சது.

எத்தனை பேரைச் சுத்திக் காட்டியிருக்கேன் தெரியுமா. இன்டர்வியூவுக்கு வந்தவங்க, கோர்ட்டுக்கு வந்தவங்க, சும்மா லீவுக்கு வந்தவங்க. சங்கரன்கோவில்லேர்ந்து ரயில் ஏறினாலே எங்க வீட்டு வாசல்லதான் இறங்குவாங்க. ரெண்டே ரூம்தான். ஆம்பளைங்க மொட்டை மாடியில, பொம்பளைங்க கூடத்துல வரிசையா பாய். யாருக்கும் ஒரு குறை வச்சதில்லை. ஒரு ஒழுங்கு உண்டு, அவ்வளவுதான். விடியறதுக்குள்ள குளிச்சிடணும், ஆளுக்கு ஒரு வாளி. தலைக்கு ஊத்தணும்னா முதல் நாளே சொல்லிடணும். எங்க போறதா இருந்தாலும் நான் கூட வருவேன், தனியா விடமாட்டேன். விளக்கு வைக்கறதுக்குள்ள வீடு திரும்பிடணும். இதெல்லாம் தப்பா?

இப்ப யாரும் வர்றதில்லை. எல்லாருக்கும் கையில காசு வந்துடுச்சு, ஓட்டல் தேடிக்கிட்டுப் போயிடறாங்க.

ஆனா செண்பகம் அப்படியில்லைங்க. அவ நான் வளர்த்த பிள்ளை. எங்கம்மா போனப்ப அவளுக்குச் சரியா பேச்சு கூட வரல. நான்தான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினேன். அந்த முடி இருக்கே, உங்க முடியை விட ரெண்டு மடங்கு. உட்கார்ந்தா தரையைத் தொடும். சிக்கு எடுக்கறதுக்குள்ள என் கை வலிச்சுப் போகும். 'ஆடாம உட்காருடி'ன்னு மண்டையில ஒண்ணு வைப்பேன். வாயைத் திறக்கமாட்டா. சின்ன வயசுலேர்ந்தே அவ அப்படித்தான். எதையும் சொல்லமாட்டா, உள்ளயே வச்சுக்குவா.

என்ன சண்டைன்னு கேட்கறீங்களா? சண்டையே இல்லைங்க. ஒரு வார்த்தை. கொரோனாவுக்கு முந்தி ஒரு சித்திரை மாசம், அவளும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க. மாப்பிள்ளை பேரு குத்தாலிங்கம். வாயில்லாப் பூச்சி. ரெண்டு பேரையும் ரவுண்டு கூட்டிக்கிட்டுப் போனேன். அவளுக்கு மியூசியம் பிடிக்கல, பாம்பு பிடிக்கல, எதைக் காட்டினாலும் தலையாட்டிக்கிட்டு வந்தா. பீச்சுக்கு வந்ததும் மணல்ல உட்கார்ந்துட்டா. 'எந்திரிடி, பஸ்ஸு போயிடும்'ங்கறேன். 'இன்னும் கொஞ்ச நேரம்க்கா'ங்கறா. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். மறுநாள் என்ன பண்ணாங்க, கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேருமா தனியா கிளம்பிட்டாங்க. விளக்கு வச்சாச்சு, ஆளைக் காணோம். சாப்பாட்டு நேரம் தாண்டியாச்சு, ஆளைக் காணோம். வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கறேன். ஆடி அசைஞ்சு வந்து நிக்கறாங்க. காலெல்லாம் மணல். எங்கடி போனேன்னா, 'பீச்சுல சும்மா உட்கார்ந்திருந்தோம்க்கா'ங்கறா.

சும்மா உட்கார்றதுக்கா, தவமணி, ஒருத்தி மெட்ராஸ் வருவா?

அப்பதான் சொன்னேன். 'இது வீடா, லாட்ஜா? நினைச்சா போறது, நினைச்சா வர்றது. அப்படி இருக்கணும்னா லாட்ஜுல போய் ரூம் போட்டுக்க வேண்டியதுதானே'ன்னு. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்லை. ஆக்கி வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தவளுக்கு அது கூடச் சொல்ல உரிமை இல்லையா? நான் போட்டதைச் சாப்பிட்டா. தட்டைக் கழுவி வச்சா. விடிஞ்சதும் பையை எடுத்துக்கிட்டு, 'போயிட்டு வர்றேன்க்கா'ன்னு கிளம்பிட்டா. அதுக்கப்புறம் என் வீட்டு வாசப்படி மிதிக்கல. நல்லது கெட்டதுன்னா போன்ல ரெண்டு வார்த்தை. இந்தத் தீபாவளிக்கு அதுவும் இல்லை. மாப்பிள்ளைதான் பேசினார். 'அவ படுத்திருக்காக்கா'ன்னார். தீபாவளியன்னிக்குப் பட்டப்பகல்ல என்ன படுக்கை? என்கூடப் பேசப் பிடிக்கலைன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே. வை போனைன்னு வச்சுட்டேன்.

அவளை நேத்து எப்படிப் பார்த்தேன்னு சொல்றேன் கேளுங்க. சாயங்காலம் நான் பீச்சுல நடப்பேன், முட்டிக்கு நல்லதுன்னு. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ல மணல் மேல பலகை போட்டு ஒரு பாதை வச்சிருக்காங்க, நடக்க முடியாதவங்க சக்கர நாற்காலியில தண்ணி வரைக்கும் போறதுக்கு. அதோட கடைசியில ஒரு நாற்காலி. பின்னாடி நிக்கறது குத்தாலிங்கம். அந்த வழுக்கையும் அந்தக் கட்டம் போட்ட சட்டையும் எனக்குத் தெரியாதா. நாற்காலியில யாருன்னு பார்த்தா நம்ம மகாராணி. கறுப்புக் கண்ணாடி. தலையில நீலத் துண்டு, சினிமாக்காரிங்க கட்டற மாதிரி காதோட சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கா. அவ்வளவு முடியில ஒரு முடி வெளிய தெரியல. உப்புக்காத்துக்கு முடி கெட்டுடும்னு கட்டியிருப்பா. இளைச்சுட்டா வேற. இப்பதான் எல்லாரும் சோத்தைக் குறைச்சுட்டு அதுக்கு டயட்டுன்னு பேரு வைக்கறாங்களே. நாற்காலி எதுக்குன்னா, நான்தான் சொன்னேனே, எங்க குடும்பத்துக்கே முட்டிவலி.

நான் சுண்டல் வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். ரொம்ப நேரம் அவ கடலையே பார்த்துக்கிட்டிருந்தா. குத்தாலிங்கம் நின்ன இடத்துல நிக்கறார், கிளம்பலாம்னு ஒரு வார்த்தை சொல்லல. இருட்டினதுக்கப்புறம் ஆட்டோவுல ஏறினாங்க. அவளை ரெண்டு கையிலயும் தூக்கித்தான் உள்ள உட்கார வச்சார். எங்க வீட்டுக்காரர் எனக்கு ஒரு நாள் குடை பிடிச்சதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நானும் ஒரு ஆட்டோ பிடிச்சுப் பின்னாடியே வந்து இந்த ஓட்டலைப் பார்த்து வச்சுக்கிட்டேன்.

ராத்திரி பூரா தூக்கம் இல்லை. காலையில எந்திரிச்சு சொதி வச்சேன். எங்க பக்கத்துக் குழம்பு, தேங்காப்பால் ஊத்தி வைக்கறது. கூட இஞ்சிப் பச்சடி. அவளுக்கு அதுன்னா உயிர். இந்தத் தூக்குல இருக்கு, ஆறிப்போயிருக்கும். வர்ற வழியில மல்லிப்பூவும் வாங்கினேன், நாலு முழம். அவ முடிக்கு ரெண்டு முழம் வச்சா இருக்கற இடம் தெரியாது.

இந்த ஓட்டலை எதுக்குப் பிடிச்சாளோ தெரியலைங்க. ஊர் பார்க்க வர்றவங்க தங்கற இடம் மாதிரியா இருக்கு? போர்டுல வங்காளி எழுத்து. ரூமுக்கு ரூம் அடுப்பாமே. ஓட்டல்ல வந்து யாராவது சமைப்பாங்களா? அங்க சாப்பாட்டுப் பலகையைப் பாருங்க, கஞ்சி, இட்லி, உப்பில்லாப் பொங்கல். லிஃப்டுக்குப் பக்கத்துல சக்கர நாற்காலி வரிசையா நிக்குது. பாதிப்பேர் மூஞ்சியில மாஸ்க். வெளிய வந்தா வரிசையா மருந்துக்கடை. பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கறதால இப்படி. வாடகை குறைச்சலா இருந்திருக்கும், குத்தாலிங்கம் பிடிச்சுப்போட்டிருப்பார். மனுஷன் எப்பவுமே கொஞ்சம் கெட்டி.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, நான் முடிச்சுடறேன். மடியில என்ன அவ்வளவு நீளமா ஒரு கவர்? சரி, அது கிடக்கட்டும். நான் கேட்க வந்தது இதுதான். உங்க கார்டைக் காட்டி உங்க பேர்ல எனக்கு ஒரு ரூம் போட்டுத் தாங்க தவமணி. காசு என்கிட்ட இருக்கு. மூணாவது மாடியில கிடைச்சா நல்லது. முகம் தெரியாதவகிட்ட எப்படின்னு நினைப்பீங்க. என் முகத்தைப் பாருங்க. நான் என்ன பண்ணிடப் போறேன். என் தங்கச்சி பக்கத்துல ஒரு ராத்திரி படுக்கப் போறேன், நடுவுல ஒரு சுவர் இருக்கும், அவ்வளவுதான்.

என்ன?

உங்களுக்கு அவளைத் தெரியுமா? நீலத் துண்டு கட்டின அக்காவா? ஆமா, அவதான். உங்களுக்கு அடுத்த ரூமா?

எங்க பழக்கம் உங்களுக்கு? ஆஸ்பத்திரியிலயா? உங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்துப் படுக்கையிலயா?

அவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? முட்டிக்கா?

...

கேன்சரா. எப்பலேர்ந்து? ஆடியிலேர்ந்தா. ஆடி, ஆவணி, புரட்டாசி... தீபாவளிக்குப் படுத்திருக்கான்னு சொன்னாரே. அப்ப நிஜமாவே படுத்துத்தான் இருந்தாளா? நான் போனை வச்சுட்டேனே.

சொல்லுங்க. இல்ல, சொல்லுங்க, நான் குறுக்க பேசமாட்டேன்.

மருந்து போதும்னுட்டாங்களா. போதும்னா, சரியாயிடுச்சுன்னா? சரியானாத்தானே போதும்னு சொல்வாங்க. தவமணி, என்னைப் பாருங்க, தலையைக் குனிஞ்சுக்காதீங்க. ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்கன்னு சொன்னாங்களா. வேற ஒண்ணும் செய்யறதுக்கு இல்லையாமா.

இங்க இருக்கற நாள்ல என்ன வேணும்னு குத்தாலிங்கம் கேட்டாராமா. பீச்சுல உட்காரணும்னாளா. தினமும் போறாங்களா.

அப்ப நான் சொன்னது சரிதானே. ஊர் சுத்திப் பார்க்கத்தானே வந்திருக்கா. நான்தானே முதல்லயே சொன்னேன், ஊர் சுத்திப் பார்க்கத்தான் வந்திருக்கான்னு.

கொஞ்சம் அந்தத் தண்ணியைக் கொடுங்க.

என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா? திட்டினாளா? திட்டினா திட்டினான்னே சொல்லுங்க. 'எங்க அக்கா வீடு இங்கதான், மொட்டை மாடியில நின்னா கடல் தெரியும்'னாளா. தெரியும். தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னாத்தான் தெரியும். அவளை ஏற விட்டதில்லை நான், விழுந்துடுவான்னு. அப்புறம்? அக்கா வீட்டுக்கு ஏன் போகலைன்னு நீங்க கேட்டதுக்கு என்ன சொன்னா? மறைக்காதீங்க.

'அக்கா ஒரு நிமிஷம் சும்மா உட்கார விடமாட்டா. இப்ப எனக்கு சும்மா உட்காரணும்.'

சிரிச்சுக்கிட்டே சொன்னாளா. அவ அப்படித்தான் சொல்வா.

அந்தக் கவுன்ட்டர்காரர் காலையிலேயே கேட்டார், பேஷன்ட் யாரும்மான்னு. நான்தான் சண்டைக்குப் போனேன். நேத்து அவ்வளவு பக்கத்துல நின்னு பார்த்தேனே. தலையில துண்டைப் பார்த்தேன், நாற்காலியைப் பார்த்தேன், தூக்கி உட்கார வச்சதைப் பார்த்தேன். ராத்திரி ஏன் தூக்கம் வரலைன்னு இப்பத் தெரியுது. தெரிஞ்சுதான் இருந்துச்சு எனக்கு. தெரியலைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

ரூம் வேண்டாம் தவமணி. உட்காருங்க, அந்த ஆள்கிட்டப் போகாதீங்க.

தினமும் சாயங்காலம் இந்நேரத்துக்குத்தான் கீழ இறங்குவாங்களா? லிஃப்டு மேல போகுது. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. தூக்கு இருக்கட்டும். இந்தப் பூ... இதை நீங்க வச்சுக்குங்க. இப்பவே வச்சுக்குங்க, திரும்புங்க, நான் வச்சு விடறேன். அவ கண்ணுல இது படக் கூடாது. வாசனை தெரியுமா? தெரிஞ்சா உங்க பூன்னு நினைச்சுக்கட்டும். ஆடாம இருங்க. ஆச்சு.

என் முகம் எப்படி இருக்கு? அழுத மாதிரி தெரியுதா?

திறந்துடுச்சு.

செண்பகம்.

நான்தான். எந்திரிக்காத, எந்திரிக்காத. இல்லடி, வீட்டுக்குக் கூப்பிட வரல. எங்கயும் கூட்டிக்கிட்டுப் போக வரல. நீங்க எங்க கிளம்பினீங்களோ அங்கயே போங்க மாப்பிள்ளை, ஆட்டோவுல ஒரு ஓரமா எனக்கும் இடம் இருந்தா போதும். நான் ஒண்ணும் பேசமாட்டேன். பஸ்ஸு போனா போகட்டும், இருட்டினா இருட்டட்டும்.

நானும் சும்மா உட்காரத்தான் வந்தேன்.